தொட்டியில் தண்ணீர் ஏறுகிறது

மூன்றாம் மாடி ஹெட்விகா அம்மாளின் குளியலறைக் கூரையிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. கீழே அவர் வைத்திருந்தது நாளை இருபத்துநாலாம் தேதி ராத்திரிக் கிறிஸ்துமஸ் விருந்துக்கு உருளைக்கிழங்கு சாலட் கலக்க வேண்டிய பெரிய பாத்திரம். அந்தக் கோபம் அவர் முகத்தை விட்டு இன்னும் இறங்கவில்லை.

"நேத்து மத்தியானத்துல இருந்து இதே கதைதான். மேல போய்க் கதவைத் தட்டினேன். மீனுக்குத் தண்ணி மாத்தும்போது குழாயை மூட மறந்துட்டானாம் அந்தக் கமில். ஒரு மன்னிப்புகூடக் கேக்கல."

லிபுஷா அண்ணாந்து ஈரத்தைப் பார்த்தாள். அப்பாவுடைய நீல நிற வேலை உடுப்பு அவளுக்குக் கச்சிதமாகப் பொருந்தியிருந்தது. ஒஸ்த்ராவா நகரத்தில் பாதிப் பேர் வீட்டுக் கழிவுக் குழாய்களை அவளுடைய அப்பா திறந்து பார்த்திருக்கிறார். பக்கத்தில் டார்ச் பிடித்தபடி வளர்ந்தவள் அவள். இப்போது வயது முப்பத்துநான்கு, வேலை, துப்பறிவாளர் ஓட்டகர் செர்மாக்கிடம் உதவியாளர். இரண்டும் ஏறக்குறைய ஒரே தொழில்தான் என்பது அவள் கட்சி.

துப்பறிகிறவரின் நிலைமைதான் பரிதாபம். ஓட்டகருக்கு ஐம்பத்தாறு வயது, ஆறடி உயரம். கடன் வாங்கிய வேலை உடுப்பு முழங்காலுக்குச் சற்றுக் கீழே நின்றுவிட்டது. ஈரம் என்றாலே அவருக்கு ஆகாது. மழைக்காலத்தில் வழக்கே எடுக்காத மனிதர்.

"சார், மேல போனதும் நான்தான் முதலாளி, நீங்க என் எடுபிடி," என்றாள் லிபுஷா. "திட்டுவேன். கோவிச்சுக்கக் கூடாது."

"எவ்வளவு திட்டுவே?"

"எங்கப்பா என்னைத் திட்டின அளவுக்கு."

ஓட்டகர் பெருமூச்சு விட்டார். அடுப்படி மேசை முன் உட்கார்ந்திருந்த யார்மிலாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் எதிரே இருந்த தட்டில் வெனிலா பிஸ்கட்டுகள் வைத்தது வைத்தபடி இருந்தன. நேற்று ரயிலேறி வந்து ஓட்டகரின் கதவைத் தட்டியவள் அவள்தான். அவளுடைய அக்கா ரொமானாவைக் காணவில்லை.

விஷயம் இதுதான். போன திங்கட்கிழமை ரொமானா தங்கைக்குப் போன் செய்திருக்கிறாள். "வியாழக்கிழமை உன் ஊருக்கு வர்றேன். வந்ததும் என்னோட போலீஸ் ஸ்டேஷனுக்கு வா. கமில் பண்ணின ஒரு காரியத்தைச் சொல்லியாகணும், போன்ல வேண்டாம்" என்று சொல்லியிருக்கிறாள். வியாழன் வந்தது, ரொமானா வரவில்லை. புதன்கிழமையே சண்டை போட்டுப் பெட்டியோடு ரயில் ஏறிவிட்டாள் என்கிறான் அவள் கணவன் கமில். வயது வந்த பெண், கோபம் தணிந்தால் திரும்பி வருவார், பண்டிகை முடியட்டும் என்று போலீஸில் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

பண்டிகை முடியும்வரை காத்திருக்க யார்மிலாவால் முடியாது. கமில் இன்று மாலை காரை எடுத்துக்கொண்டு காட்டுக்குள் இருக்கிற தன் சின்ன வீட்டுக்குப் போகிறான். கார் கூரையில் பனிச்சறுக்கு வண்டி ஒன்றைக் கட்டி வைத்துவிட்டான். இப்போது மணி இரண்டு. இந்தப் பருவத்தில் நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடும்.

"அக்கா உயிரோட இருக்காளா? அதை மட்டும் சொல்லுங்க," என்றாள் யார்மிலா.

ஓட்டகர் பொய் சொல்லிப் பழகாதவர். அதனால் பேச்சை மாற்றினார். "மீன் உங்கக்கா வாங்கினதுதானா?"

"அவதான் வருஷா வருஷம் வாங்குவா. ஆனா ஒரு தடவைகூட வெட்டினதில்ல. எல்லார் வீட்லயும் கார்ப்ங்கற கெண்டை மீனை நாலு நாள் குளியல் தொட்டியில உயிரோட வெச்சிருந்து இருபத்துநாலாம் தேதி வெட்டுவாங்க. இவ வாளியில தூக்கிட்டு டிராம் ஏறி ஆத்துல விட்டுட்டு வருவா. சாப்பாட்டுக்கு வெறும் சாலட்தான். கமில் அதுக்கே வருஷா வருஷம் சண்டை போடுவான்."

"புதன்கிழமை ராத்திரி மேல ஏதாவது சத்தம் கேட்டுதா?" என்று ஓட்டகர் ஹெட்விகா அம்மாளிடம் திரும்பினார்.

"எனக்கு என்ன கேக்கும் தம்பி? புதன்கிழமையில இருந்து ராத்திரி பகலா ரேடியோ. அஞ்சாம் மாடியில, மாலெக் வீட்ல. மாடிப்படி பூரா கிறிஸ்துமஸ் பாட்டு. பாடட்டும், வேணாங்கல, விடியக்காலம் மூணு மணிக்குமா? கமில் கிட்ட அதையும் கேட்டேன். அவங்க பதினஞ்சாம் தேதியே மலைக்குப் போயிட்டாங்க, திருடன் வராம இருக்க ரேடியோவைப் போட்டு வெச்சிட்டுப் போயிருக்காங்கன்னான்."

"காலையிலயும் தூக்கம் இல்லையா?"

"எங்கே? ஆறு மணியானா கமில் ஷவரைத் திறந்துருவான். தினம் இருபது நிமிஷம் குளியல். ஞாயித்துக்கிழமைகூட விட்டுவைக்கல."

ஓட்டகரின் ஒரு புருவம் மெல்ல ஏறியது. லிபுஷாவுக்கு அந்தப் புருவம் பழக்கம். அவள் யோசனையும் அதே இடத்தில்தான் நின்றிருந்தது.

படியேறும்போது கேட்டாள். "சார், மீன் இருக்கிற தொட்டியில எப்படிக் குளிக்கிறது?"

"மீனுக்கும் சேர்த்து சோப்புப் போட்டிருப்பான்."

"ஜோக் என் டிபார்ட்மென்ட் சார்."

மேலே ஐந்தாம் மாடியிலிருந்து ரேடியோவில் குழந்தைகள் கூட்டமாகப் பாடிக்கொண்டிருந்தார்கள். ஆளில்லாத வீட்டில் ஓயாத பாட்டு.

நான்காம் மாடிக் கதவைத் திறந்த கமில் ஹனாக் நல்ல நிறமாய், மழமழவென்று ஷேவ் செய்து, இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையில் இருந்தான். கிட்டே போனால் சோப்பு வாசனை அடித்தது.

"பண்டிகைக்கு அப்புறம் வாங்களேன்," என்றான். "தொட்டியில மீன் கிடக்கு. நான் வேற கிளம்பிட்டிருக்கேன்."

"பண்டிகைக்கு அப்புறம் வந்தா கீழ்வீட்டு அம்மா பல்புக்குள்ளயும் மீன் நீந்தும் சார்," என்றாள் லிபுஷா. "கட்டடக் கமிட்டி அனுப்பியிருக்கு. அரை மணி நேரம். டேய் ஓட்டா, என்ன வேடிக்கை, வாளியை எடுத்துட்டு உள்ள வா."

ஓட்டா என்று இருபது வருடமாக யாரும் கூப்பிடாத ஓட்டகர் தலையைக் குனிந்துகொண்டு வாளியோடு உள்ளே வந்தார்.

நடைவழியில் கயிறு ஒரு சுருள் கிடந்தது. சுவரில் சாய்த்து ஒரு நீளக் காம்புக் கோடரி.

"விறகு வெட்டவா சார்?" என்று லிபுஷா சும்மா கேட்டாள்.

"அங்கே பக்கத்துல ஒரு குளம் இருக்கு. மேல பனி கட்டிப் போயிருக்கும். மீன் மூச்சு விடணும்ல, ஓட்டை போடணும்." கமில் இதமாகச் சிரித்தான். "ஆள் இறங்கற அளவுக்கு."

கடைசி வார்த்தையைக் கேட்டு லிபுஷா நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். இவ்வளவு நல்ல சிரிப்பை அவள் இத்தனை வெறுப்போடு எப்போதும் பார்த்ததில்லை.

கோட்டு மாட்டும் கொக்கியில் பச்சைக் கம்பளி நூல் கட்டிய சாவி ஒன்று தொங்கியது. அதன் கீழே செடிக்குத் தண்ணீர் ஊற்றும் தகரக் குவளை. ஓட்டகர் போகிற போக்கில் குவளைமேல் கை தவறியதுபோல் இடித்துக்கொண்டார். விரலில் தூசி ஒட்டியது.

"பார்த்துடா," என்று அதட்டினாள் லிபுஷா.

"மேல்வீட்டுக்காரங்க கொடுத்துட்டுப் போனது," என்றான் கமில். "தினமும் போய்ச் செடிக்குத் தண்ணி ஊத்தறேன்."

குளியலறைக்கு ஜன்னல் கிடையாது. இந்தக் கட்டடத்தில் எந்த வீட்டுக் குளியலறைக்கும் கிடையாது. தொட்டியில் பாதித் தண்ணீர், அதில் மூன்று கிலோ தேறுகிற ஒரு கார்ப் மெதுவாக வாலை ஆட்டிக்கொண்டு கிடந்தது.

"போன செவ்வாய்க்கிழமை ரொமானா வாங்கினது," என்றான் கமில். "அவ போயிட்டா. மீன் மட்டும் இருக்கு." குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டான். "பாவம், அதுகிட்டதான் பேசிட்டிருக்கேன்."

"ஆறு நாளா குளிக்கல போலிருக்கே, கஷ்டம்தான்," என்றாள் லிபுஷா.

"ஆமா, என்ன செய்யறது? துண்டை நனைச்சுத் துடைச்சுக்கறேன்."

ஷவர் தலைப்பிலிருந்து ஒரு சொட்டு மீன் முதுகில் விழுந்தது. சோப்புத் தட்டில் சோப்பு இன்னும் குழைந்து கிடந்தது. லிபுஷா எதையும் பார்க்காதவள்போலச் சட்டைக் கையை மடித்துவிட்டாள். கமில் ஒரு பையை எடுத்துக்கொண்டு காருக்கு இறங்கிப் போனான்.

"இந்த மீன் நேத்து வந்த மீன்," என்றாள். "தங்கச்சி வர்றான்னு தெரிஞ்சதும் ஓடிப்போய் வாங்கிட்டு வந்திருக்கான். பண்டிகைக்கு முன்னாடி மீன் இல்லாத தொட்டியைப் பார்த்தா எவளும் சந்தேகப்படுவா."

"அப்போ ரொமானா வாங்கின மீன் எங்கே?" என்றார் ஓட்டகர்.

லிபுஷா தொட்டிப் பக்கம் குனிந்தாள். மீனை இரு கையாலும் தூக்கி வாளியில் விட்டாள். அது துள்ளியதில் ஓட்டகர் முகம் முழுக்க நனைந்தது. அவர் கண்ணை மட்டும் மூடித் திறந்தார். தொட்டித் தண்ணீரைக் குவளை குவளையாக அள்ளிக் கழிப்பறையில் கொட்டிவிட்டு, கைப்பிடி வைத்த ரப்பர் கப்பைத் துவாரத்தில் அழுத்தினாள். சாதாரண அடைப்பென்றால் நாலு அழுத்தில் பொளக்கென்று சத்தம் போட்டு விட்டுக்கொடுக்கும். இது மூச்சே விடவில்லை.

"முடி அடைப்பு இல்ல சார். முடின்னா கொஞ்சம் இழுத்துப் பிடிச்சு விளையாடும்."

வடிகட்டித் தட்டைக் கழற்றிவிட்டு நீளமான ஸ்பிரிங் கம்பியை உள்ளே செலுத்தினாள். கம்பி தடையில்லாமல் ஓடியது. ஒரு முழம், ஒரு கஜம், அதற்கும் மேல். இந்த வீட்டுக் குழாய் சுத்தமாக இருந்தது. எல்லா மாடிக் குளியலறைக்கும் பொதுவாகச் சுவருக்குள் இறங்குகிற குழாயைத் தொட்டு, அங்கே வளைந்து இறங்கிய பிறகுதான் கம்பி எதிலோ முட்டியது. மெத்தென்று முட்டியது. லிபுஷா கைப்பிடியை நாலு சுற்றுச் சுற்றி, இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள்.

மிச்ச அடைப்பு உள்ளேயே நின்றுவிட, கம்பி நுனியில் சிக்கி வந்தது குளியல் துண்டு ஒன்றின் கிழிசல். ஆரஞ்சு நிறம். சுவரில் தொங்கிய துண்டுகளெல்லாம் வெள்ளை. துணியை முடிச்சுப் போட்டிருந்தது. முடிச்சைப் பிரித்ததும் உள்ளேயிருந்து பளபளவென்று மீன் செதில்கள் அவள் உள்ளங்கையில் கொட்டின.

இருவரும் ஒரே நேரத்தில் வாளிக்குள் எட்டிப் பார்த்தார்கள். அதில் கிடந்த மீனுக்கு ஒரு செதில்கூடக் குறையவில்லை.

லிபுஷா செதில்களைப் பத்திரமாக உடுப்புப் பையில் போட்டுக்கொண்டாள். அவளுடைய பர்ஸில்கூடப் போன வருஷத்துச் செதில் ஒன்று இருக்கிறது. இந்த ஊரில் எல்லார் பர்ஸிலும் இருக்கும். அடுத்த கிறிஸ்துமஸ் வரைக்கும் அதிர்ஷ்டத்துக்கு. கார்ப் செதிலை யாரும் சாக்கடையில் விட மாட்டார்கள். கழுவும்போது ஒன்று தவறினால்கூடக் குனிந்து பொறுக்குவார்கள். இங்கே கை நிறையச் செதிலை யாரோ துணியில் முடிந்து குழாய்க்குள் திணித்திருக்கிறார்கள்.

"ரொமானா மீனை வெட்டவே மாட்டா," என்றாள் மெதுவாக. "அப்போ வெட்டினது கமில். எதுக்கு சார்? இருபத்துநாலுக்கு முன்னாடி எதுக்கு?"

ஓட்டகர் சொல்ல விரும்பாமல் சொன்னார். "தொட்டியில ரத்தம் இருந்தா, மீனை வெட்டினேன்னு சொல்லிக்கலாம்."

லிபுஷா தொட்டி விளிம்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். இதே தொட்டி. வெள்ளை வெளேரென்று துடைத்து வைத்திருக்கிற இதே தொட்டி. கீழே அடுப்படியில் ஒருத்தி பிஸ்கட்டைத் தொடாமல் காத்துக்கொண்டிருக்கிறாள். அவளிடம் போய் எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது?

"போலீஸைக் கூப்பிடலாம் சார்."

"கூப்பிட்டு? கை நிறைய மீன் செதில் இருக்குன்னு சொல்லவா? இந்த வாரம் ஊரெல்லாம் அதான் இருக்கு."

அப்போதுதான் தொட்டி பேசியது.

குழாய்க்குள்ளிருந்து ஏப்பம் விடுகிற மாதிரி ஒரு சத்தம். திறந்து கிடந்த துவாரத்தில் ஒரு குமிழி எழுந்து உடைந்தது. பின்னால் தண்ணீர் வந்தது. லிபுஷா சட்டென்று எழுந்து குழாயைப் பார்த்தாள். இறுக மூடியிருந்தது. தண்ணீரோ கீழேயிருந்து, துவாரத்தின் வழியாகவே, நிதானமாக ஏறிக்கொண்டிருந்தது. தொட்டியின் அடிப்பாகம் மறைந்தது. அதில் இரண்டு செதில்கள் மிதந்து சுற்றின.

அவள் கையை விட்டுப் பார்த்தாள். தண்ணீர் சூடாக இருந்தது.

துவாரத்தில் எதிர்த்து ஏறுகிற தண்ணீர் அந்த வீட்டுத் தண்ணீராக இருக்காது என்பது குழாய் வேலையில் முதல் பாடம். அடைப்பு இந்த மாடிக்குக் கீழே. கீழ்வீட்டுத் தண்ணீர் மேலே ஏறாது. அப்படியானால் இது மேலேயிருந்து இறங்கி, போக வழியில்லாமல் இங்கே எட்டிப் பார்க்கிறது. மேலே இருப்பது ஒரே ஒரு மாடி.

மேலே யாரோ, இந்த நிமிஷம், வெந்நீர் திறந்துவிட்டிருக்கிறார்கள்.

அவள் நிமிர்ந்தாள். ஓட்டகர் ஏற்கெனவே கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருவரும் வாயைத் திறக்குமுன் பின்னால் காலடிச் சத்தம் கேட்டது.

கமில் வாசலில் நின்றான். கடைசி சாமான்களை எடுக்க வந்திருக்கிறான். தோளில் கயிறு, கையில் கோடரி.

அவன் தொட்டியைப் பார்த்தான், ஏறுகிற தண்ணீரைப் பார்த்தான். முகத்திலிருந்து அந்த நல்ல சிரிப்பு இறங்கிப் போய்விட்டது.

"இது என்ன?"

"கீழ ஹெட்விகா அம்மா தண்ணி விடறாங்க சார்," என்றாள் லிபுஷா, சளைக்காமல். "அதான் எதிர்த்து வருது."

"கீழ விடற தண்ணி எப்படி மேல வரும்?"

"அழுத்தம் சார். குக்கர் மாதிரிதான்."

அப்பா கேட்டிருந்தால் ரென்ச்சாலேயே ஒன்று போட்டிருப்பார். கமிலுக்குக் குழாய் வேலை தெரியாது. ஆனால் மேலே யார் இருக்கிறார் என்று தெரியும். ஒரு நிமிஷம் அவன் இரண்டுக்கும் நடுவே ஊசலாடினான். பிறகு கோடரிக் காம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"போதும். வேலையை நிறுத்துங்க. கிளம்புங்க."

"கிளம்பிடறோம் சார். வாளி எங்களுது." அவள் குனிந்தாள். அவன் யோசிக்குமுன் மீனை வாளியிலிருந்து வாரி எடுத்து நீட்டினாள். "பிடிங்க, பிடிங்க, வழுக்குது, கீழ விழப்போகுது."

இதை வேறு எந்த ஊரில் செய்திருந்தாலும் பலித்திருக்காது. பண்டிகைக்கு முந்தின நாள் கார்ப் மீன் தரையில் விழுவதை ஒஸ்த்ராவாக்காரன் எவனும் பார்த்துக்கொண்டு நிற்க மாட்டான். கை தானாக நீளும். கமிலின் கையும் நீண்டது. கோடரியைச் சுவரில் சாய்த்துவிட்டு மூன்று கிலோ மீனை இஸ்திரிச் சட்டையோடு சேர்த்து அணைத்துக்கொண்டான்.

"டேய் ஓட்டா, மரம் மாதிரி நிக்காதே. பெரிய ரென்ச் வண்டியில இருக்கு, ஓடு."

ஓட்டகர் ஓடினார். ஐம்பத்தாறு வயது முழங்கால்களால் எவ்வளவு முடியுமோ அவ்வளவு.

"தொட்டியில விட்டுடறேன்," என்றான் கமில், மீனோடு போராடிக்கொண்டு.

"சூடு சார், செத்துரும். கொஞ்சம் இருங்க, வாளியில நல்ல தண்ணி பிடிச்சுத் தர்றேன்." அவள் குழாயைத் திறந்தாள். எத்தனை மெதுவாகத் திறக்க முடியுமோ அத்தனை மெதுவாக. "சரி சார், அது எந்தக் கடை மீன்? செவ்வாய்க்கிழமை வாங்கினதுக்கு நல்லா தெம்பா இருக்கே."

மீன் வாலால் அவன் தாடையில் அறைந்தது. வாளியில் தண்ணீர் கால் பங்கு நிரம்பியது. மேலே குழந்தைகள் பாடிக்கொண்டே இருந்தார்கள்.

திடீரென்று பாட்டு நின்றது.

ஐந்து நாளாக அந்தக் கட்டடத்தில் இல்லாத அமைதி. அந்த அமைதிக்குள் மெல்லியதாக ஒரு சத்தம் கேட்டது. கதவை உள்ளங்கையால் தட்டுகிற சத்தம்.

கமில் கூரையைப் பார்த்தான். பிறகு லிபுஷாவைப் பார்த்தான். அந்தக் கண்ணில் இப்போது மரியாதை எதுவும் மிச்சமில்லை. மீனைத் தொப்பென்று விட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக் கையை நீட்டினான்.

சுவரில் கோடரி இல்லை.

ஓட்டகருக்குக் குழாய் வேலை தெரியாது. ஆனால் ஒரு இடத்தை விட்டுக் கிளம்பும்போது எதை எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்பது தெரியும். மேலே முதல் அடி விழுந்தது. கதவு பிளக்கிற சத்தம் குழாய்க்குள் இறங்கித் தொட்டி வழியாகக் கேட்டது. நடைவழிக் கொக்கியிலும் பச்சை நூல் கட்டிய சாவி இல்லை.

கமில் ஓடப் பார்த்தான். முதல் காலடியை மீன் கிடந்து துள்ளிய இடத்தில் வைத்தான். அந்த வழுவழுப்பு எவ்வளவு பெரிய மனிதனையும் விட்டுவைக்காது. அவன் முழு நீளத்துக்கும் விழுந்தான். எழுந்திருக்க முயன்றபோது, வண்டியில் இருப்பதாக அவள் சொன்ன பைப் ரென்ச் அவன் மூக்குக்கு நேரே இருந்தது. முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல் லிபுஷா அதைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"படுத்தே இருங்க சார். தரை ஈரம்."

படுத்தே இருந்தான். ஓட்டகர் மேலேயிருந்து கத்தியதைக் கேட்ட ஹெட்விகா அம்மாள் போலீஸுக்குப் போன் செய்துவிட்டு, ஒரு வாரக் கோபத்தோடு மேலே ஏறி வந்து அவன் முதுகின்மேல் உட்கார்ந்துகொண்டார். அதன் பிறகுதான் லிபுஷா ரென்ச்சைக் கீழே வைத்து, துள்ளி ஓய்ந்த மீனை வாளிக்குள் போட்டாள்.

மேல்வீட்டுக் குளியலறைக் கதவு பிளந்து தொங்கியது. துவைக்கும் மெஷின்மேல் ஆரஞ்சுத் துண்டின் மிச்சத்தைப் போர்த்திக்கொண்டு ரொமானா உட்கார்ந்திருந்தாள். கத்திக் கத்திக் குரல் போயிருந்தது. விரல் நுனியெல்லாம் கீறல். தங்கை அவளைக் கட்டிக்கொண்டு விசும்பிக்கொண்டிருந்தாள். ஓட்டகர் கையில் கோடரியோடு, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் செடிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜன்னலோரச் செடிகள் எல்லாம் காய்ந்து போயிருந்தன.

"மீனை இங்கேதான் வெச்சிருந்தேன்," என்றாள் ரொமானா, காற்றுக் குரலில். "ஆளில்லாத வீட்டுத் தொட்டி சும்மா கிடக்கேன்னு. கமிலுக்குத் தினம் குளிக்கணும். புதன்கிழமை மீனுக்குத் தண்ணி மாத்த வந்தேன். பின்னாலயே வந்தான். போலீஸுக்குப் போகப்போறேன்னு சொன்னேன். வெளியில கதவைப் பூட்டிட்டு ரேடியோவைப் போட்டுட்டான். தினமும் ஒரு ரொட்டி கொண்டுவந்து வெப்பான், பேசவே மாட்டான். இன்னைக்குக் காலையில வந்து, சாயங்காலம் காட்டு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்னான்."

டிசம்பர் ஐந்தாம் தேதி மாலை காட்டுச் சாலையில் ஒரு சைக்கிள்காரரை இடித்துவிட்டுக் கமில் நிற்காமல் வந்ததையும் சொன்னாள். பக்கத்து சீட்டில் அவள் இருந்திருக்கிறாள். அந்த மனிதர் பிழைக்கவில்லை என்று இரண்டு நாள் கழித்துப் பேப்பரில் படித்திருக்கிறாள்.

"குழாயை அடைச்சது?" என்றார் ஓட்டகர்.

அவள் சுவரில் இருந்த ஓட்டையைக் காட்டினாள். துவைக்கும் மெஷின் தண்ணீரை வெளியே விடுகிற குழாய் வாய். மெஷின் குழாயை உருவிவிட்டு, துண்டைக் கிழித்து முடிச்சு முடிச்சாக அதற்குள் தள்ளியிருக்கிறாள். பிறகு, கீழே ஒழுகினால் யாராவது குழாயைப் பார்க்க வருவார்கள் என்று, தொட்டியை நிரப்பி நிரப்பித் திறந்துவிட்டிருக்கிறாள்.

"வெறும் துணின்னா வர்ற குழாய்க்காரர் தூக்கிப் போட்டுட்டுப் போயிடுவார். செதிலைப் பார்த்தா நின்னு யோசிப்பார்னு நெனச்சேன். யாரும் செதிலைச் சாக்கடையில போட மாட்டாங்கல்ல?" நிறுத்தினாள். அதுவரை அழாதவள் இப்போது அழுதாள். "என் கையால கொன்னேன். சீப்பால சுரண்டினேன். அது என்னை நம்பித்தான் தொட்டியில கிடந்தது."

லிபுஷா பையிலிருந்த செதில்களில் ஒன்றை எடுத்து ரொமானாவின் உள்ளங்கையில் வைத்து மூடினாள்.

"கீழே இன்னொண்ணு இருக்கு மேடம்," என்றாள் கடைசியில். "வாளியில. உயிரோடதான் இருக்கு."

கமிலைப் பிடித்துக்கொண்டு போனார்கள். வாக்குமூலம் எழுத வந்த போலீஸ்காரர் ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டியதாயிற்று. பண்டிகைக்குப் பிறகு வரச் சொன்னவர்கள் ஒரு மணி நேரம் காத்திருந்தால் ஒன்றும் குறைந்துவிடாது என்று ஓட்டகர் மிகப் பணிவாகச் சொல்லிவிட்டார். மூன்றரை மணி டிராமில் அக்காவும் தங்கையும் ஒரு சீட்டில் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். எதிரே, முழங்காலுக்கு ஏறிய உடுப்பின்மேல் நீளக் கோட்டுப் போட்டு, மடியில் வாளியோடு ஓட்டகர். திருப்பத்துக்குத் திருப்பம் தண்ணீர் அவர்மேல் தளும்பியது. அவர் அசையவில்லை.

ஆற்றோரம் கரையை ஒட்டிப் பனி கட்டியிருந்தது. வாளியை இறக்க இடமில்லை. ஓட்டகர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, கோட்டுக்குள்ளிருந்து அந்த நீளக் காம்புக் கோடரியை வெளியே எடுத்தார்.

"சார், அது சாட்சிப் பொருள்," என்றாள் லிபுஷா.

"நாளைக்கு ஒப்படைச்சுடறேன்."

ரொமானா கையை நீட்டிக் கோடரியை வாங்கிக்கொண்டாள். எதற்காகக் கமில் அதைத் தீட்டி வைத்திருந்தான் என்று அவளுக்குத் தெரியும். அந்தக் கீறல் விழுந்த விரல்களால் காம்பைப் பிடித்து, பனியில் நாலு அடி போட்டாள். ஒரு மீன் இறங்குகிற அளவுக்குத் தண்ணீர் திறந்ததும் நிறுத்திக்கொண்டாள்.